எதிர்வீட்டு அறை

போன வாரம் எங்கள் வீட்டுக்கு ஒரு பெண் வந்து போனாள். அதன் பலன் செவ்வாய்க்கிழமை காலையில் என் தம்பி மகளின் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது.

வந்தவள் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் திட்டப் பொறுப்பாளர். சொந்த ஊரை இழந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கும், வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் அந்த நிறுவனம் பயிற்சி தருகிறது. மடிக்கணினி தருகிறது. தேறினால் அங்கேயே வேலையும் உண்டு. என் தம்பி மகள் நுழைவுத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். வீட்டை நேரில் பார்ப்பது ஒன்றுதான் பாக்கி.

வீட்டைப் பார்க்க வருகிறேன் என்று ஒருத்தி சொன்னால் வீட்டை எப்படி வைக்க வேண்டுமோ அப்படி வைத்தேன்.

எங்களுக்கு இருப்பது ஓர் அறையும் ஒட்டுச் சமையலறையும். எதிர்வீட்டு டாக்ஸி டிரைவர் தன் அறையைத் திறந்து விட்டார். அதில் சோபா உண்டு, மேஜை உண்டு, மேஜை விளக்கும் உண்டு. இரண்டு கதவுக்கும் ஒரே துணியில் திரை தைத்துப் போட்டேன். நடைவழியில் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே வீடுதான். "பொண்ணு இங்கதான் படிப்பாளா?" என்று வந்தவள் கேட்டபோது நான் அவளுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்விக்கு ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை.

"என்ன எழுதியிருக்கு?" என்றேன்.

தம்பி மகள் கைப்பேசியை என் பக்கம் திருப்பினாள். சின்ன வயதில் ஆள் குட்டையாகவும் பேச்சு காரமாகவும் இருந்ததால் அவளுக்கு வீட்டில் மிளகு என்று பெயர். இப்போது இருபது வயதாகிறது. உயரம் கூடியிருக்கிறது, காரம் குறையவில்லை.

"நாம வசதியானவங்களாம் அத்தை. அதனால நம்மளவிடக் கஷ்டப்படுற வேற ஒருத்தருக்கு சீட்டைக் குடுத்துட்டாங்களாம்."

தம்பி அப்போதுதான் குளிர்பதனக் கிடங்கில் வேலை முடிந்து வந்திருந்தான். இரண்டு ஸ்வெட்டர்களையும் கழற்றாமல் அடுப்பருகில் நின்று விரல்களைச் சூடு காட்டிக்கொண்டிருந்தவன், கேட்டதும் சிரித்துவிட்டான்.

"பரவாயில்லையே. இங்க வந்ததுக்கு அப்புறம் நம்மள வசதியானவங்கன்னு சொன்ன முதல் ஆளு."

மகள் சிரிக்கவில்லை. அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

"நான் போய்ப் பேசிட்டு வரேன்க்கா" என்றான்.

"என்ன பேசுவே?"

"எல்லாத்தையும் சொல்றேன். படகுல வந்தது, முகாம்ல கெடந்தது, இவ அம்மா போனது."

"அவ அம்மா போனதைச் சொல்லி சீட்டு கேக்கப் போறியா?"

அவன் அடுப்பைப் பார்த்தான். பிறகு மெதுவாக, "அப்ப நீங்களே போங்க. திரை தெச்சது நீங்கதானே" என்றான்.

அவன் என்னை எதிர்த்துப் பேசுவது அபூர்வம். பேசிவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிப்போனான். நான் வேலை பார்க்கும் கூரியர் கடைக்குப் போன் செய்து இன்று பார்சல்களை வேறு யாராவது பிரிக்கட்டும் என்று சொல்லிவிட்டு, நல்ல புடவையை எடுத்தேன். மிளகும் கிளம்பினாள்.

நடைவழியில் டாக்ஸி டிரைவர் பல் துலக்கிக்கொண்டு நின்றார். போன வாரம் வந்தவளிடம் 'எங்க உறவுக்காரர்' என்று சொல்லி வைத்ததிலிருந்து அவர் உறவைக் கைவிடுவதாக இல்லை.

"என்ன மருமகளே, சீட்டு கிடைச்சுதா?"

"உங்க சோபா கெடுத்துடுச்சு மாமா."

"அது உக்கார்றவங்க இடுப்பையே கெடுக்கும். உன் சீட்டையும் விட்டு வெக்கலையா?" என்றவர், எங்கள் உடுப்பைப் பார்த்துவிட்டு, "அங்கதான் போறீங்களா? வாங்க, வண்டியில விடுறேன்" என்றார்.

"வேண்டாம் மாமா. டாக்ஸியில வந்து இறங்கினா அதையும் எழுதிக்குவாங்க."

பேருந்தில் போனோம். வழியெல்லாம் அவள் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் நான் தொலைபேசி நிலையத்தில் மேற்பார்வையாளராக இருந்தவள். இணைப்பு கிடைக்காதபோது சும்மா சும்மா மணி அடித்தால் லைன்தான் கெடும் என்பது எனக்குத் தெரியும்.

அந்தக் கட்டிடத்தின் வாசலில் ஆள் இல்லை. இடுப்பளவு உயரத்தில் ஓர் இயந்திரம் நின்றது. படம் எடுத்தது. யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டது. எந்த நிறுவனத்திலிருந்து வருகிறீர்கள் என்றும் கேட்டது.

"அதைக் காலியா விட்டுடுங்க அத்தை."

"காலியா எதுக்கு விடணும்?" என்று கேட்டுவிட்டு, 'குடும்பம்' என்று அடித்தேன். இயந்திரம் ஏற்றுக்கொண்டு இரண்டு அட்டைகளைத் துப்பியது.

உள்ளே சுவர் முழுக்கப் படங்கள். அந்தத் திட்டத்தில் படித்த பிள்ளைகள். ஒருத்தி கம்பி வேலிக்குப் பின்னால் நின்று எங்கோ பார்த்தாள். இன்னொருவன் தலையைக் கையில் தாங்கியிருந்தான். எல்லாம் கறுப்பு வெள்ளை.

"யார் செத்தாங்க?" என்றேன்.

"அத்தை, மெதுவா. அந்த அக்கா இப்ப இங்கயே வேலை பாக்குறாங்க. விண்ணப்பம் குடுக்க வந்த அன்னிக்கு அவங்கதான் எங்களுக்கெல்லாம் வழி காட்டினாங்க. சிரிச்சா மாடி வரைக்கும் கேக்கும்."

"அப்ப அந்தச் சிரிப்பைப் படம் எடுக்க வேண்டியதுதானே."

இதைச் சொல்லும்போது திட்டப் பொறுப்பாளர் எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. குட்டை முடி, ஓட்டப்பந்தயத்துக்குப் போடும் காலணி. என்னைப் பார்த்ததும் கைகூப்பினாள். நல்ல வளர்ப்பு.

"அம்மா, நீங்களா? வாங்க, உள்ள போய்ப் பேசலாம்."

கண்ணாடிச் சுவர் வைத்த சிறிய அறை. சுவரில் பெரிய திரை. நான் நாற்காலியின் முதுகில் சாயாமல் உட்கார்ந்தேன்.

"உங்க முடிவு தப்பு" என்றேன்.

"நான் பார்த்ததைத்தான் அம்மா எழுதினேன். ரெண்டு அறை, படிக்கத் தனி மேஜை, சோபா. எங்ககிட்ட இருக்குறது கொஞ்ச இடம். முன்னாடி வீட்டுக்குப் போகாமலே ஆள் எடுத்தோம். கார் வெச்சிருக்குற வீட்டுப் பிள்ளைங்க வந்து உக்காந்துட்டாங்க. அதனாலதான் நேர்ல வர்றோம்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. நியாயம் இருக்கும் ஆளோடு பேசுவது எனக்கு எப்போதும் சௌகரியம்.

"வர்றேன்னு முன்கூட்டியே சொல்லிட்டு வந்தீங்க" என்றேன். "எங்க வீட்ல ஒருத்தர் வந்தா, எங்ககிட்ட இல்லைங்கிறதைக் காட்டுற வழக்கம் கிடையாது."

"நான் விருந்தாளியா வரலையே அம்மா."

"வாசல்படி தாண்டி உள்ள வந்துட்டா விருந்தாளிதான். நீங்க எதுக்கு வந்தீங்கங்கிறது உங்க விஷயம்."

மிளகு மேஜைக்கு அடியில் என் முழங்காலைத் தட்டினாள். நான் நிறுத்தினேன். இதற்குமேல் சுற்றி வளைத்துப் பேச வழியில்லை. கடல் தாண்டி வந்து இறங்கிய அன்றைக்கு, கரையில் போர்வை கொடுத்தவரிடம்கூட 'எங்களிடம் இருக்கிறது, குழந்தை வைத்திருப்பவர்களுக்குக் கொடுங்கள்' என்று சொன்னவள் நான். எங்களிடம் இருக்கவில்லை.

"அந்த ரெண்டாவது அறை எங்களோடது இல்ல" என்றேன். "எதிர்வீட்டுக்காரரோடது. சோபாவும் அவரோடது. எங்களுக்கு ஒரே அறைதான். மூணு பேர் இருக்கோம்."

சொல்லி முடித்த பிறகும் நான் நேராகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

பொறுப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அப்ப பொண்ணு எங்க உக்காந்து படிக்கிறாங்க?"

"நூலகத்துல" என்றேன்.

மிளகு குனிந்து தன் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.

அப்போது கதவைத் தட்டி ஒரு தாடிக்காரர் எட்டிப் பார்த்தார். நுழைவுத் தேர்வு விடைகளைத் திருத்திய பொறியாளர் அவர் என்று பொறுப்பாளர் சொன்னாள். மிளகின் பதிவு எண்ணைச் சொன்னதும் அவர் முகம் மாறியது.

"குட்டி வரியா?" என்று உள்ளே வந்தார். "இவங்கதானா அது? எங்க குழுவுல இவங்களுக்கு அதுதான் பேரு."

சுவர்த் திரையில் அவள் தேர்வில் எழுதிய கணினி நிரலைப் போட்டார். அது என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் பக்கம் தெரிந்தது. இடது ஓரமாக ஒல்லியாக ஒரு பத்தி கீழே கீழே இறங்கிக்கொண்டே போனது. வலது பக்கம் முக்கால் திரை வெறுமையாகக் கிடந்தது.

"ஒரு வரிகூட நீளமா இல்ல பாருங்க. மத்தவங்க ஒரே வரியில எழுதுறதை இவங்க நாலு வரியா உடைச்சிருக்காங்க. ஆனா படிக்க அவ்வளவு சுலபம். எங்க கத்துக்கிட்டீங்க இந்தப் பாணியை?"

"பாணி எல்லாம் இல்ல சார்" என்றாள் மிளகு.

"எதுக்கு இவ்வளவு இடத்தை வீணாக்கியிருக்கே?" என்று நான் கேட்டேன்.

அவள் தன் கைப்பேசியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அதன் கண்ணாடி ஒரு மூலையில் விரிசல் விட்டிருந்தது.

"இதுல அவ்வளவுதான் தெரியும் அத்தை. வரி நீளமாப் போனா முனை தெரியாது. தள்ளித் தள்ளிப் பார்க்கணும். அதான் தெரியுற அளவுக்கு எழுதினேன்."

"நூலகத்துல கணினி இருக்குமே."

"அதுக்கு இந்த ஊர்ல வீடு இருக்குன்னு அட்டை வேணும். நமக்கு இன்னும் அட்டை வரல. பரீட்சையையும் நான் நம்ம மாடிப்படியிலதான் எழுதினேன். கீழ போன் கடைக்கார அண்ணன் அவரோட வைஃபையைப் பயன்படுத்திக்கச் சொல்லியிருக்காரு. அது மூணாவது படி வரைக்கும் வரும்."

தினமும் நான் வேலைக்குக் கிளம்பும்போது 'சாயங்காலம் நூலகத்துக்குப் போவேன் அத்தை' என்று அவள் சொன்னதை நினைத்துக்கொண்டேன். கூரியர் கடையிலிருந்து நான் திரும்ப இரவாகிவிடும். என் வளர்ப்பு. எனக்குச் சரிசமமாக ஓர் ஆள் வீட்டிலேயே வளர்ந்திருக்கிறாள்.

பொறுப்பாளர் தன் மடிக்கணினியை அருகே இழுத்தாள்.

"நான் திருத்திடுறேன் அம்மா. நீங்க இப்ப சொன்னதை எழுதிக் குடுத்தா போதும். இந்த இடத்தை நேத்து வேற ஒரு பொண்ணுக்குக் குடுத்தோம். மார்க்ல உங்க பொண்ணுதான் முன்னாடி. அவங்ககிட்ட நான் பேசி வாங்கிடுறேன்."

"வேண்டாம்" என்றாள் மிளகு.

நான் சொல்ல வாயெடுத்ததை அவள் முந்திக்கொண்டாள். என்னைவிட வேகமாக, யோசிக்காமல். அந்த வேகம் எனக்குக் கொஞ்சம் புதிதாக இருந்தது. ஆனாலும் சொல்லவேண்டியதைத்தான் சொன்னாள்.

"ஒருத்தி வீட்ல போய், கிடைச்சிடுச்சுன்னு சொல்லியிருப்பா" என்றேன் நான். "அவகிட்டேருந்து பிடுங்கி எங்களுக்குத் தர வேண்டாம். திரை தெச்சது நான். அந்தப் பொண்ணு இல்ல."

"அப்ப அடுத்த வருஷம்தான் அம்மா."

"எதுக்கு அடுத்த வருஷம்? சாயங்காலம் ஆனா உங்க பயிற்சி அறை என்ன ஆகும்?"

"பூட்டிடுவோம்."

"மேஜை, நாற்காலி, கணினி?"

"உள்ளதான் இருக்கும்."

"நீங்க வீடு வீடா வந்து மேஜை இருக்கா, விளக்கு இருக்கான்னு பாக்குறீங்க. இல்லன்னா அனுதாபப்படுறீங்க. இருந்தா அனுப்பிடுறீங்க. அதைவிட இங்க சும்மா கெடக்குற மேஜையைச் சாயங்காலத்துல குடுங்க. இவளுக்கு மட்டும் இல்ல, இடம் கிடைக்காதுன்னு நீங்க செய்தி அனுப்புன அத்தனை பிள்ளைங்களுக்கும். வர்றவங்க வருவாங்க. வந்து என்ன செய்றாங்கன்னு பாருங்க. எங்க வீட்டுச் சோபாவைப் பார்த்துத் தெரிஞ்சுக்கறதைவிட அதுல நிறையத் தெரியும்."

"எதிர்வீட்டுச் சோபா" என்று மிளகு முணுமுணுத்தாள்.

தாடிக்காரர் சிரித்துவிட்டார். பிறகு பொறுப்பாளரைப் பார்த்து, "சும்மா உக்காந்து படிக்க எதுக்கு? எங்க வேலையையே குடுக்கலாமே" என்றார். "நம்ம செயலியைப் பயன்படுத்துற பாதிப் பேர் கையில இந்த மாதிரி போன்தான் இருக்கு. நாம மூணு அடி திரையில உக்காந்து எழுதிட்டு, ஏன் அவங்களுக்குச் சரியா ஓடலன்னு தலையைப் பிச்சுக்கறோம். ஒரு மாசம் குட்டி வரி எங்க குழுவோட வேலை செய்யட்டும். சம்பளத்தோட."

"பயிற்சி முடிக்காம எடுக்கக்கூடாதுன்னு விதி இருக்கு."

"விதியை எழுதினது நீங்கதானே?"

பொறுப்பாளர் என்னை ஒரு பார்வை, அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நான் மட்டும் முடிவு பண்ற விஷயம் இல்ல" என்று கைப்பேசியோடு வெளியே போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் நடந்துகொண்டே பேசுவது தெரிந்தது. முதலில் தலையை ஆட்டினாள். பிறகு கையை ஆட்டினாள். கடைசியில் நின்றே பேசினாள். நின்று பேசினால் வேலை ஆகும். தொலைபேசி நிலையத்தில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

திரும்பி வந்தவள் உட்காரவில்லை.

"பயிற்சி அறை இன்னிக்கு சாயங்காலத்துலேருந்து திறந்திருக்கும். எல்லாருக்கும் நானே செய்தி அனுப்புறேன். குழுவுல ஒரு மாசம் வேலைக்கும் சரின்னுட்டாங்க. ஆனா அதுக்கு அப்புறம் இவங்க வேலையை வெச்சுத்தான் முடிவு. அதுல நான் ஒண்ணும் செய்ய முடியாது."

"யாரும் எதுவும் செய்ய வேண்டாம்" என்றாள் மிளகு. காலையிலிருந்து அவள் முகத்தில் இல்லாத காரம் திரும்பியிருந்தது. "வேலையை மட்டும் குடுங்க."

நான் எழுந்து பொறுப்பாளரின் தோளைத் தொட்டேன். "ஒரு நாள் சொல்லாம வீட்டுக்கு வா" என்றேன். என்னை அறியாமல் ஒருமையில் பேசிவிட்டேன். அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

தாடிக்காரர் மிளகைப் பயிற்சி அறைக்கு அழைத்துப் போனார். எனக்கு வெளியே இருந்த பெஞ்சைக் காட்டினார்கள். தம்பி விழித்திருப்பானா, இப்போதே போன் செய்யலாமா என்று யோசித்துக்கொண்டே போனேன்.

பெஞ்சில் ஏற்கெனவே ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

மிளகின் பெரியம்மா. என் தம்பி மனைவியின் அக்கா. முகாமில் தம்பி மனைவி இறந்தபோது, பெண்ணைத் தன்னோடு அனுப்பச் சொல்லிக் கேட்டாள். எங்கள் வீட்டுப் பெண் எங்கள் வீட்டில்தான் வளரும் என்றேன். அவளும் பேசினாள், நானும் பேசினேன். அன்றோடு போக்குவரத்து நின்றது. இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாள் என்று தெரியும். அந்தத் தெரு வழியாக நான் போவதில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. முகத்தையும் திருப்பிக்கொள்ளவில்லை.

"நீங்களா அக்கா."

"ம்."

"என் பொண்ணுக்கு இங்க இடம் கிடைச்சிருக்கு. மடிக்கணினி வாங்க உள்ள போயிருக்கா." பேச்சை அதோடு நிறுத்தியிருக்கலாம். சந்தோஷம் அவளை நிறுத்தவிடவில்லை. "மொதல்ல வேற யாருக்கோ குடுக்க இருந்தாங்களாம். போய்ப் பார்த்தா ரெண்டு அறை, சோபா, எல்லாம் இருக்குற வீடாம். அப்படிப்பட்டவங்க ஏன்தான் இதுக்கு வந்து நிக்கிறாங்களோ."

நான் நின்றுகொண்டே இருந்தேன். எதுவும் சொல்லாமல் தலையை ஆட்டிவிட்டு வாசலைப் பார்க்க நடந்திருக்கலாம். அவளுக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை. உள்ளே இரண்டு அந்நியர்களிடம் சொன்னது வேறு. இவளிடம் சொல்வது வேறு.

"அது எங்க வீடுதான்" என்றேன். "சோபா எதிர்வீட்டுக்காரரோடது. இல்லாததை இருக்குற மாதிரி காட்டினது நான். உன் பொண்ணுக்குக் குடுத்ததைத் திருப்பி வாங்கித் தர்றேன்னாங்க. வேண்டாம்னுட்டோம்."

அவள் மடியிலிருந்த பையை இறக்கி வைத்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தாள்.

நான் உட்கார்ந்தேன். எங்கள் இருவருக்கும் நடுவே இன்னொருவர் உட்காரும் இடம் இருந்தது.

"வேண்டாம்னு மொதல்ல சொன்னது யாரு, நீங்களா, அவளா?" என்று கேட்டாள்.

"அவ."

"அவதான் சொல்லியிருப்பா. இடம் கிடைச்சதை என் பொண்ணு நேத்தே அவகிட்ட சொல்லிட்டா." பெரியம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "சாயங்காலம் ஆனா என் பொண்ணு தினமும் உங்க வீட்டு மாடிப்படியிலதான் உக்காந்து படிக்கிறா அக்கா. மிளகுதான் சொல்லிக் குடுக்குறா. ரெண்டு வருஷமாச்சு. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

கண்ணாடிக்கு அப்பால் மிளகும் அவள் பெரியம்மா மகளும் ஒரே கணினிக்கு முன்னால் தலையோடு தலை சாய்த்து எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

"வேற எனக்குத் தெரியாதது என்னென்ன இருக்கு?" என்றேன். "ஒண்ணொண்ணா சொல்லு."